சொட்டுவது எங்கே, ஓட்டை எங்கே: செட்டிநாட்டு வீட்டுக் கூரையைத் தொடுவதற்கு முன்

ஐப்பசி அடைமழையில் சொட்டுகிற இடத்துக்குக் கீழே அண்டாவை வைத்துவிட்டு, "தை பிறக்கட்டும், பார்த்துக்கலாம்" என்று சொல்லும் வீடுகள் காரைக்குடிச் சுற்றுவட்டாரத்தில் நிறைய. தை பிறந்தால் ஈரம் காய்ந்துவிடும், அண்டா பரணுக்குப் போய்விடும், பேச்சும் அதோடு போய்விடும். மறுபடி புரட்டாசியில் கொத்தனாரைத் தேடினால் ஊரே அவரைத் தேடிக்கொண்டிருக்கும். கிடைத்தாலும் அவசரத்தில் சிமெண்டைப் பூசிவிட்டுப் போவார். அடுத்த ஐப்பசியில் அண்டா மறுபடி இறங்கும்.

கீழே உள்ளது அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி. உங்கள் வீட்டில் தெரிவது எதுவோ அந்தப் பகுதியை முதலில் படியுங்கள். ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். கூரையை மொத்தமாகப் பிரிக்க வேண்டுமா, பழுதுபார்த்தால் போதுமா என்பதை ஓடுகளைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அதற்குக் கீழே இருக்கிற மரத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். உடைந்த ஓட்டை ஒரு காலைப் பொழுதில் மாற்றலாம். மரம் நன்றாக இருக்கும்போது கூரையைப் பிரிப்பது வீண் செலவு. மரம் போன பிறகு ஓட்டை மட்டும் மாற்றுவதும் வீண் செலவுதான்.

ஏணியை எடுப்பதற்கு முன்

செட்டிநாட்டு வீட்டில் கூரை என்று ஒன்று கிடையாது, பல கூரைகள் இருக்கும். முகப்புக்கு மேலே தேக்குச் சரம், அதாவது தளத்தைத் தாங்கும் குறுக்கு மரங்கள், போட்டுச் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ். முற்றத்தைச் சுற்றிப் பல அடுக்கு நாட்டு ஓடு. பின்னால் அடுத்தடுத்து வரும் இரண்டாங்கட்டிலோ மூன்றாங்கட்டிலோ மங்களூர் ஓடு. பின்னால் யாரோ ஒரு பங்காளி வசதிக்காகக் கட்டிய குளியலறைக்குக் கான்கிரீட். அடுப்படி தாண்டி விறகுக்குத் தகரக் கொட்டகை. இவற்றில் ஒன்றுக்கான வைத்தியம் இன்னொன்றுக்கு ஆகாது. ஆகவே ஒரு தாளில் வீட்டின் கட்டுகளை வரைந்து, எந்தப் பகுதிக்கு எந்தக் கூரை என்று முதலில் எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் படத்திலேயே சொட்டும் இடங்களையும் குறியுங்கள்.

இடத்தைவிட நேரம் முக்கியம். மழை தொடங்கிய உடனே சொட்டுகிறதா, அரை மணி கழித்தா, மழை விட்ட பிறகா, காற்றோடு பெய்தால் மட்டுமா? இந்த நான்கில் எது என்று தெரிந்தாலே பாதிக் காரணம் பிடிபட்டுவிடும். நீங்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருந்தால் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஆளிடம் "எங்கே ஒழுகுது" என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள், "எப்போ ஒழுகுது" என்றும் கேளுங்கள். மழை பெய்யும்போதே கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். காய்ந்த பிறகு எடுத்த படத்தில் கறை மட்டும்தான் தெரியும்.

இன்னொரு சங்கடம் நம் வீடுகளுக்கே உரியது. கூரை பொது, அறை தனி. ஒழுகுவது ஒரு பங்காளியின் பூட்டிய அறைக்குள்ளாக இருக்கும், சாவி கோலாலம்பூரில் இருக்கும். அந்த அறைக்குள் போய்ப் பார்க்காமல் வேலையை ஆரம்பித்தால் பாதிப் பழுது விடுபட்டுப்போகும். சாவிகளை முதலில் திரட்டுங்கள், மதிப்பீடு பிறகு.

அறிகுறி: மழை தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே முற்றத்தின் மூலையில் சொட்டுகிறது, தூண் வழியாக வடிகிறது

இது கூடல்வாய்ப் பழுது. முற்றம் வைத்த வீடுகளில் ஒழுகல் என்றால் முதலில் நான் பார்ப்பது இந்த இடத்தைத்தான். நான்கு பக்கச் சரிவும் முற்றத்தை நோக்கி இறங்குவதால், உள்மூலைகளில் இரண்டிரண்டு சரிவுகள் சேர்கின்றன. இரண்டு கூரையின் தண்ணீரும் அந்த ஒரு கோட்டில்தான் ஓடி முற்றத்தில் விழ வேண்டும். கணக்குப் போட்டால் ஆச்சரியமாக இருக்கும். 1,000 சதுர அடிப் பரப்பில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஏறத்தாழ 4,600 லிட்டர். அதில் பெரும்பகுதி இந்தச் சந்துகள் வழியாகத்தான் இறங்குகிறது.

வேப்பிலை, உடைந்த ஓட்டுச் சில், பாசி, அணில் கொண்டுவந்து வைத்த நார், இவை சேர்ந்து கூடல்வாயில் ஓர் அணை கட்டிவிடும். தண்ணீர் முன்னால் போக வழியில்லாமல் பக்கவாட்டில் ஏறும். அடியில் போட்ட தகரத்தின் ஓரத்தைத் தாண்டியதும், ஓடுகளைத் தாங்கும் சரிவு மரமான கைமரத்தில் இறங்கும். கைமரத்தின் அடிப்பக்கமாகவே ஓடி, எங்கோ ஒரு முடிச்சில் தட்டுப்பட்டுச் சொட்டும். அதனால்தான் சொட்டும் இடத்துக்கு நேர் மேலே ஏறிப் பார்த்தால் ஓடுகள் ஒழுங்காக இருக்கும், ஆளும் குழம்பிப்போவார். மரத்தின் அடியில் கருப்பாகக் கோடு தெரிகிறதா என்று பார்த்து, அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு மேல்நோக்கிப் போங்கள். தண்ணீர் மேலேயிருந்துதான் வந்திருக்கும்.

சரிபார்க்கும் முறை: ஒருவர் மேலே குழாயோடு, ஒருவர் கீழே டார்ச்சோடு. தண்ணீரைக் கீழ் ஓரத்தில் தொடங்கி, ஒவ்வோர் இடத்திலும் 10 நிமிடமாவது விட்டு, கொஞ்சம் கொஞ்சமாக மேலே நகர்த்துங்கள். எடுத்த எடுப்பில் உச்சியில் ஊற்றினால் கூரை முழுக்க நனைந்துவிடும், எங்கே இறங்கியது என்று தெரியாது.

தீர்வு பல சமயம் வெறும் கூட்டிப் பெருக்குவதுதான். குப்பையை எடுத்த பிறகும் சொட்டினால் இருபுறமும் ஓட்டை விலக்கித் தகரத்தைப் பாருங்கள். துருவேறி ஊசித் துளைகள் விழுந்திருந்தால் மாற்ற வேண்டியதுதான். புதுத் தகரத்தில் கவனிக்க வேண்டியவை: இரண்டு ஓரமும் மேல்நோக்கி மடித்திருக்க வேண்டும், மேல் துண்டு கீழ்த் துண்டின் மீது அரையடியாவது ஏறியிருக்க வேண்டும், ஆணி ஓரத்தில்தான் அடிக்க வேண்டும். நடுவில் ஓர் ஆணி அடித்தாலும் அது நீங்களே போட்ட ஓட்டை.

கூடல்வாயில் சிமெண்டு கலவை வைத்து நிரப்புவதை மட்டும் அனுமதிக்காதீர்கள். வெயிலில் தகரம் விரியும், இரவில் சுருங்கும். சிமெண்டு அதோடு சேர்ந்து அசையாது. ஒரு கோடை தாண்டியதும் விரிசல் விடும், அந்த விரிசலில் தண்ணீர் தங்கி மரத்தை ஊறவைக்கும். முன்பு சொட்டியது கண்ணுக்குத் தெரிந்தது. இப்போது சொட்டாது, ஆனால் உள்ளே மரம் அழுகிக்கொண்டிருக்கும்.

அறிகுறி: காற்றோடு பெய்தால் மட்டும் ஒழுகுகிறது

நமக்கு வடகிழக்குப் பருவமழை என்பதால் வடக்கும் கிழக்கும் பார்த்த சரிவுகளில் இது அதிகம். தண்ணீர் ஓட்டின் மேல் ஓடி வரவில்லை, காற்று அதை ஓட்டுக்கு அடியில் தள்ளுகிறது. முகட்டோட்டின் சுண்ணாம்புப் பிடிப்பு விட்டிருக்கிறதா, ஓடுகள் கீழே வழுகி ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும் அளவு குறைந்திருக்கிறதா, கண்ணாடி ஓட்டைச் சுற்றி இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். உச்சி வெயிலில் விளக்கை அணைத்துவிட்டுப் பரணில் நின்று அண்ணாந்தால் ஒளிப்புள்ளிகள் தெரியும். எல்லாப் புள்ளியும் ஒழுகாது. ஆனால் கோடாக நீண்டு தெரியும் ஒளி ஓடு நகர்ந்ததற்கு அடையாளம்.

ஓடு நகர்வதற்குக் குரங்கும் மயிலும் பெரிய காரணம். கானாடுகாத்தான், பள்ளத்தூர்ப் பக்கம் காலையில் கூரைமேல் மயில் நடக்கிற அழகைப் படம் எடுக்கிறவர்களுக்கு அது புரியாது, வீட்டுக்காரருக்குப் புரியும்.

அறிகுறி: நாட்டு ஓட்டுக் கூரையில் அங்கங்கே, ஒவ்வொரு வருஷமும் வேறு வேறு இடத்தில்

ஓடு மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டது என்று பொருள். மாற்றுவது என்றால் எல்லாவற்றையும் தூக்கிப் போடுவது இல்லை. பிரித்து, தட்டிப் பார்த்து, நல்லதைத் திரும்ப அடுக்குவது. விரல் முட்டியால் தட்டினால் 'கணீர்' என்றால் வைத்துக்கொள்ளலாம். 'சொத்' என்றால் உள்ளே கீறல் இருக்கிறது அல்லது சரியாக வேகவில்லை. முகட்டிலிருந்து கீழ்நோக்கிப் பிரித்து, கூரையின் கீழ் ஓரமான இறவாரத்திலிருந்து மேல்நோக்கி அடுக்க வேண்டும். அடி ஓடு குழியாக, மேல் ஓடு கவிழ்ந்து. நம் பெரியவர்கள் இதைப் பல அடுக்காகப் போட்டது ஆடம்பரத்துக்கு இல்லை. இடையில் நிற்கும் காற்றுதான் சித்திரை வெயிலைக் கீழே விடாமல் தடுக்கிறது. "ஒரு அடுக்குப் போதும், மரத்துக்குப் பாரம் குறையும்" என்று சொல்லி மிச்ச ஓட்டை வண்டியில் ஏற்றுகிறவரிடம் கவனமாக இருங்கள்.

புது ஓடு வாங்கப் போகும்போது பழைய ஓட்டில் இரண்டைக் கையோடு கொண்டுபோங்கள். கையால் வனைந்தவை சூளைக்குச் சூளை வளைவு மாறும், பொருந்தாத ஓடு உட்காராது. என் பழக்கம், நல்ல பழைய ஓடுகளையெல்லாம் முற்றம் பார்த்த சரிவுக்குச் சேர்த்துக்கொண்டு, புதியவற்றைப் பின்பக்கச் சரிவுக்கு மொத்தமாகப் போடுவது. நிறமும் ஒட்டுப்போட்டது போலத் தெரியாது, அளவு கலப்பும் வராது.

மங்களூர் ஓட்டுக்கு வேலை எளிது. உடைந்ததை உருவி, புதியதைச் செருகிவிடலாம். சதுர மீட்டருக்குச் சுமார் 15 ஓடு பிடிக்கும், உடைசலுக்குப் பத்தில் ஒரு பங்கு கூட வாங்குங்கள். ஆனால் பரப்பைத் தரையில் அளக்காதீர்கள், சரிவில் அளக்க வேண்டும். 30 பாகைச் சரிவு என்றால் தரைப் பரப்பைவிடக் கூரைப் பரப்பு 15 சதவீதம் கூடுதல். மதிப்பீட்டில் இந்த வித்தியாசத்தை விட்டுவிட்டுப் பிறகு "ஓடு பத்தலை" என்று வருவது வழக்கமான கதை. இன்னொன்று, பெயர் ஒன்றாக இருந்தாலும் தொழிற்சாலைக்குத் தொழிற்சாலை கொக்கியும் பள்ளமும் வேறுபடும். பழைய ஓட்டின் முதுகில் முத்திரை இருக்கும், அதைப் படமெடுத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: மழை விட்டு ஒரு நாள், இரண்டு நாள் கழித்தும் சொட்டுகிறது

இது ஓடு இல்லை, தளம். மெட்ராஸ் டெரஸில் தேக்குச் சரங்களின்மேல் சின்னச் செங்கல்களைச் சாய்வாகக் குத்துக்கல்லாக அடுக்கி, அதன்மேல் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கலந்து சுமார் 3 அங்குலத்துக்குக் கொட்டி, கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்கி, மேலே தட்டோடு பதித்திருப்பார்கள். தட்டோட்டு இணைப்புகள் திறந்துகொண்டால் தண்ணீர் அந்த ஜல்லித் தளத்தில் இறங்கித் தங்கும். மழை நின்ற பிறகு நிதானமாகக் கீழே விடும்.

முதலில் பார்க்க வேண்டியது தளத்துத் தண்ணீர் வெளியேறும் தூம்பு வாய். அடைப்பு இருந்தால் எடுங்கள். பிறகு ஒரு குடம் தண்ணீரை ஊற்றி எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்று பாருங்கள். கான்கிரீட் தளத்தில் செய்வதுபோல் வரப்புக் கட்டித் தண்ணீர் தேக்கிச் சோதிப்பதை இந்தத் தளத்தில் செய்யவே வேண்டாம். 100 சதுர அடியில் ஓர் அங்குலத் தண்ணீர் நின்றால் 236 கிலோ. கீழே இருக்கும் சரத்தின் முனை சுவருக்குள் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியாமல் அந்தப் பாரத்தை ஏற்றக் கூடாது.

அதைவிடப் பெரிய ஆபத்து, ஒழுகும் தளத்தின்மேல் இன்னொரு தளம் போடுவது. நிறைய வீடுகளில் இதுதான் நடந்திருக்கிறது. பழைய தட்டோட்டின் மேல் 2 அங்குலச் சிமெண்டுப் பூச்சு, பத்து வருஷம் கழித்து அதன் மேல் இன்னொன்று. 2 அங்குலச் சிமெண்டுத் தளம் 100 சதுர அடிக்கு ஏறத்தாழ ஒரு டன் எடை. அதோடு, சுண்ணாம்புத் தளம் ஈரத்தை வாங்கவும் செய்யும், வெயிலில் விடவும் செய்யும். மேலே சிமெண்டால் மூடிவிட்டால் விடுவதற்கு ஒரே வழி கீழ்ப்பக்கம், அதாவது தேக்குச் சரம்.

பழுது மேலோடு நின்றிருந்தால் இணைப்புகளைச் சுரண்டிச் சுத்தம் செய்து, சுண்ணாம்பும் நைசான செங்கல் பொடியும் சேர்த்த கலவையால் அடைத்தாலே போதும். ஜல்லித் தளமே பொரிந்து, காலால் மிதித்தால் மொறமொறவென்று இருந்தால் செங்கல் அடுக்கு வரைக்கும் எடுத்துவிட்டுத் திரும்பப் போட வேண்டும். பொதுப்பணித் துறைக் கணக்கு 32 பங்கு செங்கல் ஜல்லிக்கு 12½ பங்கு நீற்றிய சுண்ணாம்பு. கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து அடிப்பார்கள். அடிக்கும் கட்டை தளத்தில் பதியாமல் துள்ளி எழும்பும்வரை அடிக்க வேண்டும். இந்த வேலை தெரிந்த கொத்தனார்கள் குறைந்துவருகிறார்கள். "தெரியும்" என்று சொல்கிறவரிடம் அவர் போட்ட ஒரு தளத்தைக் காட்டச் சொல்லுங்கள், அதுவும் இரண்டு மழைக்காலம் கண்ட தளமாக.

சுண்ணாம்பு சிமெண்டைப் போல ஒரு வாரத்தில் ஆகிவிடாது. காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கித்தான் இறுகும். அதனால் தள வேலையை ஆடிக்குள் முடிப்பதுபோலத் திட்டமிடுங்கள். ஆவணி, புரட்டாசியில் சாயங்கால இடிமழை நம் பக்கம் சகஜம். பருவமழை ஐப்பசியில்தானே என்று நம்பியிருந்தால் பச்சைத் தளம் கரைந்துபோகும்.

அறிகுறி: மழையே இல்லை, ஆனாலும் ஓதம்

கூரையைத் திட்டுவதற்கு முன் தண்ணீர்த் தொட்டியையும் குழாயையும் பாருங்கள். மாடியில் தொட்டி இருந்தால் இரவில் வால்வை மூடிவிட்டுக் காலையில் அளவைப் பார்த்தால் தெரிந்துவிடும். சுவரின் அடிப்பக்கத்தில் வெள்ளையாக உப்புப் பூத்தால் அது தரையிலிருந்து ஏறும் ஈரம், கூரைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மார்கழி விடியலில் தகரக் கொட்டகைக்குள் மட்டும் சொட்டினால் அது பனி. தகரத்தின் அடியில் நீர் கோத்துச் சொட்டுகிறது, காற்றோட்டம் வைத்தால் போதும்.

அறிகுறி: கைப்பிடிச் சுவரோரம் கறை, மேலே அரசங்கன்று

பறவை எச்சத்தில் வந்த அரசும் ஆலும் சுண்ணாம்புச் சுவரில் செழிப்பாக வளரும். பிடுங்கினால் வேர் உள்ளேயே நிற்கும், அடுத்த மழைக்கு இரண்டாக முளைக்கும். கன்றை வெட்டி, சுற்றியுள்ள கலவையைத் தோண்டி வேரை முழுக்க எடுத்து, அந்த இடத்தைச் சுண்ணாம்புக் கலவையால் கட்ட வேண்டும். வேர் செங்கல் வரிசைக்குள் தடித்துவிட்டால் அந்தப் பகுதிச் சுவரையே பிரித்துக் கட்டுவதுதான் முறை. விரல் பருமனில் இருக்கும்போது செய்தால் ஓர் ஆள் வேலை.

அறிகுறி: கான்கிரீட் தளத்தின் அடியில் பூச்சு பாளமாக விழுகிறது, கம்பி தெரிகிறது

பின்கட்டில் பிற்காலத்தில் போட்ட தளங்களில் இது வரும். ஈரம் பட்டுக் கம்பி துருப்பிடிக்கிறது, துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், அதனால் கான்கிரீட்டை உடைத்துத் தள்ளுகிறது. மேலே பூச்சு பூசி மறைத்தால் துரு நிற்காது. உதிரும் கான்கிரீட்டைத் தட்டி எடுத்து, கம்பியைப் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, துருத் தடுப்புப் பூச்சுக் கொடுத்து, பாலிமர் கலந்த கலவையால் மூட வேண்டும். கம்பி பாதியாக மெலிந்திருந்தால் கொத்தனார் வேலை இல்லை, கட்டுமானப் பொறியாளரைக் கூப்பிடுங்கள், அதுவரை அடியில் முட்டுக் கொடுத்து வையுங்கள். உலோக அரிப்பு ஆராய்ச்சிக்கென்றே பேர்பெற்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் நம் காரைக்குடியில்தான் இருக்கிறது. கம்பிகளுக்கான சிமெண்டு சார்ந்த காப்புப் பூச்சுகளை உருவாக்கியவர்கள் அவர்கள். அந்த ஊரிலேயே துருப்பிடித்த கம்பிமேல் வெள்ளையடிப்பவர்களும் இருக்கிறோம்.

அறிகுறி: ஓட்டு வரிசை தொய்ந்து தெரிகிறது

முற்றத்தின் எதிர்ப்பக்கம் நின்று முகட்டுக் கோட்டைப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் இரண்டு முனையிலும் நூல் பிடித்துப் பாருங்கள். நடுவில் இறங்கியிருந்தால் ஓட்டைப் பற்றிய பேச்சை நிறுத்திவிட்டு மர ஆசாரியைக் கூப்பிடுங்கள், கொத்தனார் அப்புறம்.

மரத்தைச் சோதிப்பதற்குப் பெரிய கருவி வேண்டாம். ஒரு திருப்புளி, ஒரு சின்னச் சுத்தியல். மரம் சுவருக்குள் நுழையும் இடம், கூடல்வாய்க்கு அடி, இறவாரத்து முனை, இந்த மூன்றும்தான் முதலில் போகும். திருப்புளியைக் குத்தினால் நுனி நிற்க வேண்டும். வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கினால் அந்த முனை போய்விட்டது. சுத்தியலால் தட்டும்போது டொக்கென்று கேட்டால் உள்ளே கோறை. மண் குழாய் ஏறியிருந்தால் கரையான். மரத்தூள் மாவாகக் கீழே கொட்டியிருந்தால் உளு. இரண்டுக்கும் வைத்தியம் வேறு. கரையான் தரையிலிருந்து வருவது, வழியை அடைக்காமல் மேலே மருந்தடித்துப் பயனில்லை. உளுவுக்குப் போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த கரைசலைப் பூசலாம், மழை படாத இடத்தில் மட்டும், ஏனென்றால் அது நீரில் கரைந்துவிடும்.

பர்மாத் தேக்கு என்றால் எதுவும் ஆகாது என்ற நம்பிக்கை இருக்கிறது. வைரம் பாய்ந்த தேக்கைக் கரையான் எளிதில் தொடாது, உண்மை. ஆனால் எல்லாக் கைமரமும் பர்மாவிலிருந்து வந்தவை இல்லை. பின்கட்டுகளில் பனங்கை இருக்கும், இடையில் மாற்றியவை நாட்டு மரமாக இருக்கும். எதுவானாலும் வருஷக்கணக்கில் ஈரத்தில் ஊறினால் தேக்கும் அழுகும்.

முடிவு எப்படி எடுப்பது? முனை மட்டும் போயிருந்தால் அழுகிய துண்டை அறுத்துவிட்டுப் புது மரத்தை ஒட்டு வெட்டிச் சேர்க்கலாம், அல்லது பக்கத்தில் துணைச்சட்டம் வைத்துப் போல்ட் போடலாம். சுவர்மேல் கிடக்கிற வளைமரமே நீளத்துக்குப் போயிருந்தால் அந்தச் சரிவைப் பிரிக்க வேண்டும். அந்தச் சரிவை மட்டும். ஒரு பக்கம் பழுது என்பதால் நான்கு பக்கமும் பிரிப்பதற்கு நான் பார்த்தவரை காரணம் அபூர்வம். ஆனால் மேஸ்திரிகள் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள்.

"எல்லாத்தையும் பிரிச்சுப் போட்டுட்டு ஷீட்டப் போட்டுருவோம் ஆச்சி, அம்பது வருஷத்துக்குக் கவலையில்ல."

"சித்திரை வெயில்ல நீங்க வந்து இந்தப் பட்டாசாலையில ஒரு மத்தியானம் படுத்துத் தூங்குவீகளா? தூங்குனா போடுங்க."

அதற்குமேல் அங்கே ஷீட் பேச்சு நடக்கவில்லை.

வேலைக்கு ஆயத்தம்

முதல் ஆயத்தம் பங்காளிகள். கூரைச் செலவைப் பங்கு வைப்பதில் தகராறு வருவது, என்ன பழுது என்று எல்லோருக்கும் தெரியாததால்தான். குறித்த படம், அறிகுறிப் பட்டியல், புகைப்படங்கள், இரண்டு மதிப்பீடுகள், இவற்றை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டுப் பேச்சை எடுங்கள். முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கோ கல்யாணத்துக்கோ எல்லோரும் ஊருக்கு வரும் நாள் என்றால் இன்னும் நல்லது, ஏணி வைத்துக் காட்டிவிடலாம். பிறகு யாருக்கு எவ்வளவு, யார் கணக்குப் பார்ப்பது, எவ்வளவுக்கு மேல் போனால் மறுபடி கேட்க வேண்டும் என்பதை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கூரையின் உயரமோ வடிவமோ மாறுவதாக இருந்தால் பேரூராட்சியிலோ நகராட்சியிலோ முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

மதிப்பீட்டை மொத்தத் தொகையாக வாங்காதீர்கள். பிரிக்கும் கூலி, ஓடு, மரம், தகரம், சுண்ணாம்பு, சாரம், குப்பை அள்ளுவது, ஒவ்வொன்றும் தனித்தனி. அதில் ஒரு வரி கட்டாயம் இருக்க வேண்டும்: கழற்றிய மரமும் நல்ல ஓடும் வீட்டுக்காரருக்கே சொந்தம். "பிரிச்சு எடுத்துட்டுப் போறதுக்குக் காசே வேண்டாம்" என்று ஒருவர் சொன்னால், அவர் கணக்குப் போட்டது உங்கள் தேக்கை. பழந்தேக்கு என்ன விலை போகும் என்று முதலில் விசாரியுங்கள், அதற்குப் பிறகு அந்தச் சலுகையை யோசியுங்கள்.

வேலை தொடங்கும் முன் வீட்டுக்குள் செய்ய வேண்டியது நிறைய. ஆத்தங்குடிக் கல் பதித்த தளத்தின்மேல் சாக்கு விரித்து, அதன்மேல் பலகை போடுங்கள். அது சிமெண்டில் நிறம் சேர்த்துச் செய்த கல், விழும் ஓடு மூலையை உடைத்துவிடும். சுண்ணாம்புத் தண்ணீர் பட்டால் உடனே துடைக்க வேண்டும், காய்ந்தால் வெள்ளைப் படலம் நிற்கும். அதை எடுக்கிறேன் என்று ஆசிட் ஊற்றினால் நிறமே போய்விடும். ஓவியம், நிலைக்கண்ணாடி, மரச் சிற்பம் உள்ள நிலைகளைப் பாலித்தீனால் மூடலாம், ஆனால் வாரக்கணக்கில் இறுக்கி மூடி வைத்தால் உள்ளே வேர்க்கும், சாயங்காலம் திறந்துவிடுங்கள்.

பழைய மரப் பட்டியில் ஓடும் மின்கம்பி இருந்தால் அந்தக் கட்டுக்கு மின்சாரத்தை நிறுத்திய பிறகே ஓட்டைத் தொட வேண்டும். வீட்டுக்கு வரும் மின்கம்பி கூரைக்கு அருகே போனால் மின்வாரியத்தில் சொல்லி ஏற்பாடு செய்யுங்கள். பரணையும் ஓட்டுச் சந்துகளையும் பகலில் தட்டி ஓசை எழுப்புங்கள். பாம்பும் தேன்கூடும் நாட்டு ஓட்டுக்கு அடியில் சாதாரணம். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் உள்ள இடத்தில் யாரும் காலை வைக்கக் கூடாது, மிதித்தால் உடைந்து ஆளோடு கீழே வரும். அதை அறுப்பதோ உடைப்பதோ வேண்டாம், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. நனைத்து, முழு ஷீட்டாகக் கழற்றுங்கள். ஓட்டுமேல் போகிறவருக்குப் பலகையும் இடுப்புக் கயிறும் கட்டாயம். சுண்ணாம்பு நீற்றும் இடத்தில் குழந்தைகள் வேண்டாம், கண்ணில் தெறித்தால் பார்வை போகும்.

இறக்கிய ஓட்டை மாடித் தளத்தில் அடுக்கி வைப்பது சுலபமாகத் தோன்றும். மங்களூர் ஓடு ஒன்று சுமார் இரண்டரைக் கிலோ, 500 ஓடு ஓரிடத்தில் இருந்தால் ஒன்றேகால் டன். தரையில், மணல் மேல், நிறுத்திவைத்து அடுக்குங்கள்.

ஒரு நாளில் திரும்ப மூடக்கூடிய அளவுதான் பிரிக்க வேண்டும். தார்ப்பாய் முகட்டைத் தாண்டி மறுபக்கம் இறங்கும் அளவு பெரிதாக, கயிறோடு, தினமும் மேலேயே இருக்கட்டும். கீழே மடித்து வைத்த தார்ப்பாய் மழை வரும்போது உதவாது.

ஓடு போட்டு மூடுவதற்கு முன் ஒருமுறை நீங்களோ உங்கள் ஆளோ ஏறி, ஒவ்வொரு கைமரத்தின் முனையையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மூடிய பிறகு யார் சொல்வதையும் சரிபார்க்க முடியாது. கூலியில் ஒரு பங்கை முதல் அடைமழை வரைக்கும் நிறுத்திவைப்பதாக ஆரம்பத்திலேயே பேசிவிட்டால் கடைசியில் மனஸ்தாபம் வராது. அந்த மழை பெய்யும்போது பழைய படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, குறித்த ஒவ்வோர் இடத்தின் கீழும் போய் நின்று பாருங்கள். பூட்டிய அறைகளின் சாவியை அதுவரை திருப்பி அனுப்ப வேண்டாம்.